97 பேர்... 2,200 கைது!

உதவி கேட்டு போன் போட்டால், துப்பாக்கி வந்து நிற்கிறது. ஏன்? பதில், போலீஸ் ரெஜிஸ்டருக்குள்ளேயே இருக்கிறது!

கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தவர் ஹார்வர்டில் படித்தவர். டாக்டர். அதிலும் மனநல டாக்டர்! ஆனால், அப்போது அவருக்கு வீடு இல்லை, வேலை இல்லை. மனச்சிதைவு நோயோடு அமெரிக்காவின் மியாமி நகரத் தெருக்களில் அலைந்துகொண்டிருந்தவரை, ஏதோ ஒரு பெட்டி கேஸில் பிடித்து வந்திருந்தது போலீஸ்.

விசாரணைக்கு முன்பே அவருடைய அப்பாவும் அம்மாவும் நீதிபதியைப் பார்த்து, எப்படியாவது எங்கள் மகனுக்கு சிகிச்சை கிடைக்க வழி செய்யுங்கள் என்று கெஞ்சினார்கள். நீதிபதி ஸ்டீவ் லெய்ஃப்மன் சரி என்று வாக்கு கொடுத்துவிட்டார். விசாரணை ஆரம்பித்தது. பெற்றோரைப் பார்த்ததும் அந்த டாக்டர், 'இவங்க என் அப்பா அம்மாவே இல்லை' என்கிற ரீதியில் கத்த ஆரம்பித்தார். இவருக்கு சிகிச்சை தேவை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால், பெட்டி கேஸில் வந்த ஒருவரைக் கட்டாயமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க அந்த நீதிபதிக்கு சட்டத்தில் இடம் இல்லை. மறுபடியும் தெருவுக்கே அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

லெய்ஃப்மனுக்கு அது உறுத்தியது. 2000-ம் வருடம் போலீஸ், ஜெயில், ஆஸ்பத்திரி, வக்கீல்கள், நோயாளிகளின் குடும்பங்கள் என்று எல்லோரையும் இரண்டு நாள் ஒரே இடத்தில் உட்கார வைத்தார். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு ஆபீஸும் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்தப் படம் யார் கையிலும் இல்லை!

டி.பி.எம்.எஸ். கிளாஸ் ஞாபகம் இருக்கா?

அதென்ன மொத்தப் படம்? இன்ஜினீயரிங் மக்களுக்கு டி.பி.எம்.எஸ். பாடத்தில் வரும் 'பிரைமரி கீ' ஞாபகம் இருக்கும். (மத்தவங்க பயப்பட வேண்டாம், நம்ம ரோல் நம்பர் மாதிரிதான் அது.) போலீஸிடம் ஒரு டேபிள் இருக்கிறது. அதில் கேஸ் நம்பர்தான் கீ. ஜெயிலில் கைதி நம்பர். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு நம்பர். ஒரே ஆள் இருபது தடவை பிடிபட்டால், போலீஸ் டேபிளில் இருபது வரி. ஒவ்வொரு வரியும் ஒரு புது சம்பவம். அந்த இருபதும் ஒரே மனுஷன்தான் என்று பார்க்க யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, மூன்று டேபிளையும் ஆள் பெயரில் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்ம லேபில் அது ஒரு வரி 'ஜாயின்'. மூன்று ஆபீஸுக்கு நடுவே அதைச் செய்வது யுகக் கணக்கான வேலை.

லெய்ஃப்மன் அதைத்தான் செய்யச் சொன்னார். தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மனநல ஆய்வு நிறுவனத்திடம், மியாமி-டேட் கவுன்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இந்தச் சுழலில் அதிகமாக மாட்டுவது யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லிக் கேட்டார்.

கிடைத்த பதில், 97 பேர். அவ்வளவுதான்! நம் டிபார்ட்மென்ட்டில் இரண்டு செக்‌ஷன் ஸ்ட்ரெங்த்கூட அதைவிட அதிகமாக இருக்கும். பெரும்பாலும் மனச்சிதைவு நோய் உள்ள ஆண்கள். ஐந்து வருடங்களில் இந்த 97 பேரை மட்டும் சுமார் 2,200 தடவை கைது செய்திருக்கிறார்கள். ஜெயிலில் 27,000 நாள், ஆஸ்பத்திரிகளிலும் அவசர சிகிச்சை மையங்களிலும் 13,000 நாள். செலவு 1.3 கோடி டாலருக்கு மேல்!

வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 22 கைது, சொச்சம். அதாவது செமஸ்டருக்கு இரண்டு அரெஸ்ட், பத்து செமஸ்டருக்கு. இவ்வளவு செலவு செய்தும் யாருக்காவது குணமானதா என்றால், அதுவும் இல்லை. பிடி, அடை, விடு, மறுபடி பிடி.

இதில் எனக்கு ஆச்சர்யம், அந்தத் தொகை இல்லை. இத்தனை வருஷமும் இந்தத் தகவல் எல்லாமே எழுதப்பட்டுத்தான் இருந்திருக்கிறது. எந்த ஏட்டும் ரெக்கார்ட் எழுதாமல் விடவில்லை. சம்பவத்தை எண்ணினார்கள், ஆளை எண்ணவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சி.ஐ.டி. வர்றாங்க!

சி.ஐ.டி. என்றதும் தொப்பி போட்டுக்கொண்டு துப்பறிபவரை நினைக்காதீர்கள் பாஸ். 'க்ரைசிஸ் இன்டர்வென்ஷன் டீம்' என்பதன் சுருக்கம் அது. இதன் ஊர் மெம்ஃபிஸ். 1987-ல் அங்கே 27 வயது இளைஞர் ஒருவர் கத்தியால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா போலீஸை அழைத்தார். வந்த போலீஸார், கத்தியைக் கீழே போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. சுட்டுவிட்டார்கள். இறந்துபோனார்.

ஊரே கொந்தளித்தது. அடுத்த வருடமே, 1988-ல் மெம்ஃபிஸ் போலீஸும் அங்கே உள்ள பல்கலைக்கழகங்களும் நோயாளிகளின் குடும்பங்களும் சேர்ந்து இந்த டீமை ஆரம்பித்தார்கள். போலீஸாருக்கு 40 மணி நேரப் பயிற்சி. மனநோய் என்றால் என்ன, குரலை உயர்த்தாமல் எப்படிப் பேசுவது, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதெல்லாம் சிலபஸ். நோயாளிகளையும் குடும்பத்தினரையும் நேரில் சந்திப்பதும் உண்டு.

பயிற்சியைவிட முக்கியமான ஒரு சமாசாரம் இதில் இருக்கிறது. அதுவரைக்கும் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் போலீஸார் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஜெயிலில் ஒப்படைத்தால் சீக்கிரம் கிளம்பிவிடலாம். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? அதனால் மெம்ஃபிஸில் ஒரு ஆஸ்பத்திரியைப் பேசி வைத்தார்கள். போலீஸ் அழைத்து வருபவரைத் திருப்பி அனுப்பக்கூடாது, போலீஸாரையும் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்தது.

மியாமி இதை எடுத்துக்கொண்டது. போலீஸாருக்கு மட்டும் இல்லாமல், கன்ட்ரோல் ரூமில் 911 போனை எடுப்பவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2016-ல் வெள்ளை மாளிகை வெளியிட்ட கணக்குப்படி, அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் மனநலம் சம்பந்தப்பட்ட கிட்டத்தட்ட 50,000 அழைப்புகளுக்கு மியாமி-டேட் போலீஸ் போயிருக்கிறது. கைது எத்தனை தெரியுமா? 109! ஆயிரத்துக்கு இரண்டு. 7,000-க்கு மேல் இருந்த ஜெயில் கூட்டம் 4,700 சொச்சமாகக் குறைய, ஒரு ஜெயிலையே இழுத்து மூடிவிட்டார்கள். அதில் மட்டும் வருடத்துக்கு சுமார் 1.2 கோடி டாலர் மிச்சம்.

எல்லாப் பெருமையையும் சி.ஐ.டி.-க்கே கொடுத்துவிட முடியாது. அந்த வருடங்களில் அமெரிக்கா முழுக்கவே கைதுகள் குறைந்துகொண்டுதான் இருந்தன. இந்தப் பயிற்சியால் போலீஸாரின் புரிதலும் அணுகுமுறையும் மாறுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், காயங்களும் கைதுகளும் குறைகின்றனவா என்று பார்த்தால், ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. காரணம் என்ன? பல ஊர்களில் ஒப்பிட்டுப் பார்க்க ரெக்கார்டே இல்லை!

யோசித்துப் பாருங்கள். கைது செய்தால் பேப்பர் வேலை இருக்கிறது. சுட்டால் விசாரணையே இருக்கிறது. ஆனால், ஒரு போலீஸ்காரர் அரை மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பேசி ஒருவரை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினால், அதை எங்கே எழுதுவது? அதற்குக் கட்டமே கிடையாது. அதனால்தான் சி.ஐ.டி. நன்றாக நடக்கிற ஊர்களில் ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் ஒரு சின்ன ஃபாரம் நிரப்பச் சொல்கிறார்கள். போலீஸார் அலுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால், எதுவும் நடக்காமல் முடிந்த சம்பவங்களையும் யாரோ எழுதி வைத்ததால்தான், அந்த 50,000 என்ற எண்ணை இன்றைக்கு நாம் பேச முடிகிறது.

ஸ்கிரீனில் என்ன இருந்தது?

மெம்ஃபிஸ் சம்பவம் நடந்து 33 வருடம் கழித்து, 2020 அக்டோபர் மாதம். ஊர் ஃபிலடெல்ஃபியா. மறுபடியும் ஒரு 27 வயது இளைஞர், மறுபடியும் ஒரு கத்தி. அவருக்கு பைபோலார் என்ற மனநோய் இருந்தது. குடும்பத்தினர், நாங்கள் கூப்பிட்டது ஆம்புலன்ஸை என்று பிறகு சொன்னார்கள். வந்தது போலீஸ். அன்றைக்கு அதற்கு முன்பும் போலீஸ் அந்த வீட்டுக்கு வந்து போயிருந்தது. அம்மா கண்ணெதிரிலேயே சுட்டுவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், அந்த மாதம்தான் ஃபிலடெல்ஃபியா கன்ட்ரோல் ரூமில் மனநல நிபுணரை உட்கார வைக்கும் திட்டத்தையே அறிவித்திருந்தார்கள். அந்த வசதி இந்தக் குடும்பம் போட்ட போனுக்கு உதவவில்லை.

கன்ட்ரோல் ரூமில் போனை எடுப்பவர் சில நொடிகளில் ஒரு கோடு போட வேண்டும். 'கத்தியோடு ஒருவர்' என்பதும் உண்மை. 'மனநல பாதிப்பில் ஒருவர், வீட்டில் அம்மா இருக்கிறார்' என்பதும் உண்மை. ரோந்து காரின் ஸ்கிரீனில் எது தெரிகிறதோ, அதற்குத் தகுந்த மாதிரிதான் இறங்கி வருகிற போலீஸ்காரரின் கை எங்கே இருக்கும் என்பது முடிவாகிறது. காலையில் அந்த வீட்டுக்குப் போன டீமுக்குத் தெரிந்தது, சாயங்காலம் போகிற டீமுக்குத் தெரியுமா? மறுபடியும் அதே பிரைமரி கீ கதைதான்.

பேப்பர்காரங்க போட்ட கணக்கு

அமெரிக்கா மாதிரி ஒரு நாட்டில், போலீஸ் சுட்டு வருடத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்ற கணக்கே ஒழுங்காக இல்லை என்றால் நம்புவீர்களா? 2014-ல் ஃபெர்குசன் நகரில் ஓர் இளைஞரை போலீஸ் சுட்டுக் கொன்றபோது நிருபர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். எஃப்.பி.ஐ. வைத்திருந்த கணக்கு, உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன்கள் விருப்பப்பட்டால் அனுப்பலாம் என்ற அளவில்தான் இருந்தது. நம்ம அசைன்மென்ட்டை 'விருப்பம் இருந்தா சப்மிட் பண்ணுங்க' என்று சொன்னால் எத்தனை பேர் வைப்போம்?

2015-லிருந்து 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை தானே எண்ண ஆரம்பித்தது. செய்தி, போலீஸ் அறிக்கை என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்ததில், வருடத்துக்குச் சுமார் ஆயிரம் பேர் என்று வந்தது. எஃப்.பி.ஐ. கணக்கில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு! இறந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு மனநோய் இருந்ததும் இந்தக் கணக்கில்தான் பளிச்சென்று தெரிந்தது. பத்திரிகைகளிடம் இருக்கிற தகவல் நம்மிடம் இல்லையே என்று எஃப்.பி.ஐ. இயக்குநரே அந்த வருடம் வெட்கப்பட்டுப் பேசினார். 2019-ல் எஃப்.பி.ஐ. புதிதாக ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. அதிலும் சேருவது ஸ்டேஷன்களின் விருப்பம்தான்! 'போஸ்ட்' பத்திரிகையோ பத்து வருடம் எண்ணிவிட்டு, 2024 முடிவோடு நிறுத்திக்கொண்டது.

17-ஆ, 5-ஆ?

கணக்கு இருந்துவிட்டால் மட்டும் போதாது. ஆரகன் மாநிலத்தில் யூஜின் என்று ஒரு காலேஜ் டவுன். அங்கே 1989-லிருந்து ஒரு வேன் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் 'கஹூட்ஸ்'. ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு மனநல ஊழியர், அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. போலீஸ் நம்பருக்கு வரும் அழைப்புகளில் மனநலம் சம்பந்தப்பட்டதை எல்லாம் இந்த வேன் கவனித்துக்கொள்ளும். 2020-ல் அமெரிக்கா முழுக்க இந்த வேனைப் பற்றித்தான் பேச்சு.

போலீஸுக்கு வரும் அழைப்பில் 17 சதவிகிதத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது கஹூட்ஸ். யூஜின் போலீஸின் புள்ளிவிவரப் பிரிவு அதே ரெக்கார்டை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, 5-லிருந்து 8 சதவிகிதம்தான் என்றது. யார் பொய் சொன்னது? யாருமே இல்லை! ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவது மாதிரியான உதவிகளுக்கு போலீஸ் எப்படியும் போயிருக்காது, அதைக் கழித்துவிட வேண்டும் என்பது போலீஸின் வாதம். 'போலீஸுக்கு பதிலாக' என்றால் என்ன என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யாததால் வந்த குழப்பம் இது. எனக்கு போலீஸின் கழித்தல் நியாயமாகவே படுகிறது. ஆனால், அந்த 5 சதவிகிதமே வருடத்துக்கு ஆயிரக்கணக்கான அழைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பணத் தட்டுப்பாட்டில் 2025 ஏப்ரலில் யூஜினில் அந்த வேன் நின்றேபோனது.

மார்க் குறைஞ்சா லிஸ்ட்ல பேரு!

'சரி, எல்லா டேபிளையும் சேர்த்து போலீஸ் கையில் கொடுத்துட்டா போச்சு' என்கிறீர்களா? அங்கேதான் ஆப்பு!

மியாமி இருக்கும் அதே ஃப்ளோரிடாவில் பாஸ்கோ என்று இன்னொரு கவுன்டி. அங்கே போலீஸ் தலைமை அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? பள்ளிக்கூட மார்க், அட்டெண்டன்ஸ், வீட்டில் நடந்த வன்முறை என்று எல்லாவற்றையும் சேர்த்து, யார் எதிர்காலத்தில் குற்றவாளி ஆவார்கள் என்று மாணவர்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தது! 'டாம்பா பே டைம்ஸ்' பத்திரிகை 2020-ல் இதை அம்பலப்படுத்தி, அடுத்த வருடம் புலிட்சர் பரிசே வாங்கியது. அந்த அலுவலகத்தின் இன்னொரு திட்டத்தில், பட்டியலில் இருந்தவர்கள் வீட்டுக்கு நேரம் காலம் இல்லாமல் போய்க் கதவைத் தட்டினார்கள். வழக்கு நடந்து, 2024-ல் அரசியல் சட்ட உரிமைகளை மீறியதை ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது அந்த அலுவலகம். மார்க் குறைவு, அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் என்று பட்டியல் போட்டால் நம்ம ஹாஸ்டலில் முக்கால்வாசிப் பேர் உள்ளே!

மியாமியில் நடந்ததும் டேபிள்களைச் சேர்த்ததுதான், பாஸ்கோவில் நடந்ததும் அதுதான். வித்தியாசம் எங்கே? மியாமியில் கணக்குப் போட்டது பல்கலைக்கழகம். கேட்ட கேள்வி, இவர்களை ஜெயிலுக்கு வெளியே எப்படி வைத்திருப்பது. பாஸ்கோவில் கணக்குப் போட்டது போலீஸே. கேட்ட கேள்வி, அடுத்து யாரைப் பிடிப்பது.

நம்ம ஸ்டேஷன்ல?

அமெரிக்கக் கதை எல்லாம் சரி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு முழுக்க போலீஸுக்கானது. மனநல பாதிப்போடு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவரை ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும். ஆனால் லாக்கப்பில் வைக்கக்கூடாது, ஜெயிலிலும் அடைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். வீடு இல்லாமல் அலைபவர் என்றால், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்தைத் தேட வேண்டியதும் அந்த ஸ்டேஷனின் பொறுப்பு.

சட்டம் அருமையாக இருக்கிறது. உங்கள் ஏரியா ஸ்டேஷனில் போன வருடம் இந்தப் பிரிவின்படி எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள்? அதில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வந்தவர்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட பத்து ரூபாய்தான், கேன்டீன் டீ காசு. பெயர், முகவரி கேட்காதீர்கள், அது தனிமனித ரகசியம். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். 'அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தாலும், அதுவும் ஒரு தகவல்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடுகிற மக்களே, பத்தாயிரமாவது 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' செய்வதற்கு பதிலாக இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று. ஹாஸ்டல் ரூமிலோ பக்கத்து வீட்டிலோ ஒருத்தர் நிலை தடுமாறி, நீங்கள் 100 அல்லது 112-ஐ அழைக்க வேண்டி வந்தால், கன்ட்ரோல் ரூமில் நீங்கள் சொல்கிற முதல் வரிதான் ரெக்கார்டில் ஏறும். 'சார், ஒருத்தன் கலாட்டா பண்றான்' என்று ஆரம்பித்தால் அது கலாட்டா கேஸ். அமெரிக்காவில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். இது மனநல அவசரம் என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், கையில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா இல்லையா, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவரா, கூட யார் இருக்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பார். 108 ஆம்புலன்ஸும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆபத்து அந்த அளவுக்குப் போகவில்லை, யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.